சிட்னி ஃபார்பர்: இரத்தப் புற்றுநோயைத் தணித்த குழந்தை மருத்துவ முன்னோடி

உங்கள் குழந்தையின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் மெத்தோட்ரெக்சேட் இடம்பெறலாம். அம்மருந்து வகைக்கு வழிவகுத்தவர் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஃபார்பர் (1903–1973).

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் அவர் நோய்க்குறியியல் நிபுணராகப் பணியாற்றினார். அக்காலத்தில் தீவிர இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்தனர். அணுக்கள் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் தேவை; அதன் செயலைத் தடுத்தால் புற்றணுக்களின் பெருக்கமும் தடைபடும் என அவர் கருதினார். இதற்கு ஏற்ற அமினோப்டெரின் என்னும் மருந்தை, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் ஆய்வுக் குழு அளித்தது. சிகிச்சை பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேரிடம் முன்னேற்றம் தென்பட்டதை ஃபார்பர் 1948இல் வெளியிட்டார். ஆயினும் அது நிலைக்கவில்லை; நோய் திரும்பியது.

நோய் தணிவது வேறு, குணமாவது வேறு என்பதை மருத்துவ உலகம் இவ்வாறு உணர்ந்தது. பல மருந்துகளை இணைத்து நீண்ட காலம் அளிக்கத் தொடங்கிய பின்னரே பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கலாயினர்.

ஆகவே, குழந்தை நலமுடன் ஓடி விளையாடினாலும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். காய்ச்சலோ வாய்ப்புண்ணோ ஏற்பட்டால் உடனே சிகிச்சை பெறும் மருத்துவமனையை அணுகுங்கள்.