ரிச்சர்ட் ஹோல்ட்ஸ்வொர்த்

ரிச்சர்ட் லாரன்ஸ் ஹோல்ட்ஸ்வொர்த் (1899 - 1976) ஓர் ஆங்கிலேய மலையேறுநரும் ஆசிரியரும் துடுப்பாட்டக்காரரும் ஆவார். 1931 ஆம் ஆண்டில் இமயமலையின் காமெட் சிகரத்தை முதன்முதலில் அடைந்தவர்களுள் ஒருவர். அப்பயணத்தில் பனிச்சறுக்குக் கட்டைகளைப் பயன்படுத்தியதற்காகவும், இந்திய மாணவர்களை மலையேற்றத்தில் ஈடுபடுத்தியதற்காகவும் அறியப்படுகிறார்.

தொடக்க வாழ்க்கை

ஆக்சுபோர்டு பல்கலைக்கழகம், வாரிக்சயர், சசெக்சு ஆகிய அணிகளுக்காக முதல்தரத் துடுப்பாட்டம் ஆடினார். பின்னர் இங்கிலாந்தின் ஹாரோ பள்ளியில் ஆசிரியரானார்.

காமெட் மலையேற்றம்

காமெட் இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில் உள்ளது. இதன் உயரம் 7,756 மீட்டர். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவைப் (2,637 மீட்டர்) போல் இது ஏறத்தாழ மூன்று மடங்கு உயரமானது. 1931 க்கு முன் பல குழுக்கள் இதில் ஏற முயன்று தோல்வியுற்றன.

பிராங்க் சிமித் தலைமையிலான ஆறு நண்பர்கள் குழுவில் எரிக் சிப்டன், மருத்துவர் ரேமண்ட் கிரீன் ஆகியோருடன் ஹோல்ட்ஸ்வொர்த்தும் இடம்பெற்றார். தாவரங்களைச் சேகரிக்கும் பொறுப்பும் அவருடையது. ஏறத்தாழ 7,100 மீட்டர் உயரமுள்ள மீட் கணவாய் வரை அவர் பனிச்சறுக்குக் கட்டைகளைக் கொண்டு சென்றார். அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிக்கும் குறைவு. கட்டைகள் உடல் எடையைப் பரப்புவதால் மென்பனியில் கால் புதைவதில்லை. எனினும் உச்சியை ஒட்டிய செங்குத்தான பனிச்சரிவில் அவை பயன்படா. அங்குப் படி வெட்டியே ஏற வேண்டியிருந்தது.

சூன் 21 அன்று சிமித், சிப்டன், ஹோல்ட்ஸ்வொர்த், செர்ப்பா லேவா ஆகியோர் உச்சியை அடைந்தனர். முதலில் கால் பதிக்கும் சிறப்பை லேவாவுக்கு விட்டுக்கொடுத்தனர். அதுவரை மனிதர் ஏறியிருந்த சிகரங்களுள் இதுவே மிக உயரமானது. ஆனால் லேவாவின் கால்கள் கடும் பனிக்கடியால் பாதிக்கப்பட்டன. இரு நாட்களின் பின் கிரீன், பிர்னி, கார்வாலைச் சேர்ந்த கேசர் சிங் ஆகியோரும் உச்சியை எட்டினர்.

திரும்பும் வழியில் இவர்கள் கண்ட பியூந்தர் பள்ளத்தாக்கு, பின்னர் பூக்களின் பள்ளத்தாக்கு எனப் புகழ்பெற்றது. 1982 இல் தேசியப் பூங்காவான இது 2005 இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களத்தில் சேர்க்கப்பட்டது.

இந்தியாவில் பணி

ஹோல்ட்ஸ்வொர்த் பெசாவர் இசுலாமியாக் கல்லூரியின் முதல்வராகவும், பின்னர் தேராதூனில் உள்ள டூன் பள்ளியின் ஆசிரியராகவும் பணியாற்றினார். சக ஆசிரியர்களான சாக் கிப்சன், சான் மார்ட்டின் ஆகியோரைப் போல் மாணவர்களை மலைகளுக்கு அழைத்துச் சென்றார். 1946 இல் பந்தர்பூஞ்ச் சிகரத்தில் ஏற முயன்ற குழுவில் அவருடன் டென்சிங் நோர்கேயும், முன்னாள் மாணவர் நந்து செயாலும் இருந்தனர். சிகரம் எட்டப்படவில்லை. எனினும், 1954 இல் டார்ஜிலிங்கில் தொடங்கப்பட்ட இமயமலை மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் முதல் முதல்வராகச் செயாலும், களப் பயிற்சி இயக்குநராக டென்சிங்கும் பொறுப்பேற்றனர்.