எடிட்டர், புரூஃப் ரீடர், பதிப்பாளர் மூணும் ஒரே ஆள்: உ.வே.சா. புத்தகம் போட்ட கதை

ஒரு நாவல் எழுதி முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பதிப்பகத்துக்கு அனுப்பினால் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிண்டிலில் நீங்களே போட்டால் சில நாளில் விற்பனைக்கு வந்துவிடும். எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

இந்தக் கேள்வி வந்தாலே கூடவே ஒரு முத்திரையும் வந்துவிடுகிறது. பதிப்பகம் போட்டால் தரமான புத்தகம், நாமே போட்டால் எழுத்துப்பிழைக் களஞ்சியம். இந்த நம்பிக்கையில் ஓரளவு நியாயம் உண்டு, மறுக்க முடியாது. ஆனால், 19ஆம் நூற்றாண்டில் வந்த தமிழ்ப் புத்தகங்களில் மிகக் கவனமாக எடிட் செய்யப்பட்டவை எவை என்று தேடினால், இன்றைய கணக்கில் செல்ஃப் பப்ளிஷிங் என்று சொல்லக்கூடிய புத்தகங்களில்தான் போய் நிற்போம். அவற்றைப் போட்டவர் உ.வே.சாமிநாதையர்.

1855இல் பிறந்தவர், சொந்த ஊர் தஞ்சை மாவட்டத்து உத்தமதானபுரம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சுமார் ஐந்து வருடம் கூடவே இருந்து தமிழ் படித்தார். 1880இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை. மாதச் சம்பளம் 50 ரூபாய். அந்தக் காலத்துக்கு அது செட்டிலான வாழ்க்கை. அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல வாத்தியார் என்ற பெயரோடு முடிந்திருப்பார்.

ஒரு முன்சீப் கேட்ட கேள்வி

அதே வருடம் அக்டோபரில் கும்பகோணத்துக்கு மாற்றலாகி வந்திருந்த முன்சீப் சேலம் ராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று பெரிய பட்டியலே போட்டார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்திருக்கிறீர்களா என்றார். இல்லை. அன்றைக்குத் தமிழ்நாட்டில் இருந்த பெரும்பாலான புலவர்களின் பதிலும் அதுதான். புத்தகம் கிடைத்தால்தானே படிக்க?

முதலியார் சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். பிரித்துப் பார்த்தால் பாதி புரியவில்லை. அது சமணக் காப்பியம். இவரோ சைவ மரபில் படித்தவர். கலைச்சொற்கள் எல்லாமே புதுசு.

இந்த இடத்தில் ஒரு காட்சி உண்டு. கும்பகோணத்தில் சமணர்கள் வசிக்கும் தெரு ஒன்று இருப்பது தெரிந்து அங்கே ஒரு வீட்டுக்குப் போகிறார். வாசலில் தோரணம் கட்டி விசேஷ வீடு மாதிரி இருக்கிறது. என்ன விசேஷம் என்று விசாரித்தால், சில மாதங்களாக வீட்டில் சிந்தாமணி வாசித்து வந்தோம், இன்றைக்கு நிறைவு என்கிறார்கள். ஊரில் எந்தத் தமிழாசிரியருக்கும் விளங்காத புத்தகம், நாலு தெரு தள்ளி வழிபாடாகவே படிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது! அவர்களிடமே உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத்தான் சந்தேகங்களைத் தீர்த்துக்கொண்டார். இன்றைய பதிப்பக மொழியில் இதை ‘துறை நிபுணரின் சரிபார்ப்பு’ என்பார்கள். பல பதிப்பகங்கள் இன்று இதைச் செய்வதில்லை என்பது வேறு விஷயம்.

ஓலையில் என்ன சிக்கல்?

ஓலையைப் பார்த்து டைப் செட் பண்ணிவிட்டால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எ, ஏ வித்தியாசம் இல்லை. ஒ, ஓ வித்தியாசமும் இல்லை. ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். பாட்டும் உரையும் இடைவெளி இல்லாமல் ஒரே ஓட்டமாக ஓடும். பத்தாததற்கு, பிரதி எடுத்தவர் தூக்கக் கலக்கத்தில் விட்ட வரிகள், பூச்சி அரித்த ஓட்டைகள்.

அதனால் ஒரே நூலுக்குப் பல ஊர்ப் பிரதிகளைத் தேடிப் பக்கத்தில் வைத்து, சொல் சொல்லாக ஒப்பிட்டுப் பார்த்தார். மடங்கள், ஜமீன்கள், கவிராயர் வீடுகள் என்று அலைந்தார். சில வீடுகளில் ஓலைகள் ஏற்கெனவே அடுப்புக்கோ ஆற்றுக்கோ போயிருந்தன.

இதற்கு நடுவில்தான் ஒரு சோதனை. யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம் பிள்ளை, சிந்தாமணியைத் தான் பதிப்பிக்கிறேன், உங்கள் பிரதியையும் குறிப்பையும் தாருங்கள் என்று கேட்டார். தாமோதரம் பிள்ளை சாதாரண ஆள் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். வீரசோழியத்தையும் தொல்காப்பியத்தையும் அச்சில் கொண்டுவந்து பெயர் பெற்றவர். சாமிநாதையரோ அதுவரை ஒரு பெரிய பழைய நூலைக்கூட அச்சிடாதவர். அனுபவமுள்ள பதிப்பாளரிடம் கொடுத்துவிட்டு முன்னுரையில் நன்றி வாங்கிக்கொள்வதுதான் சுலபம், செலவும் இல்லை. நாமாக இருந்தால் கொடுத்திருப்போம் என்றுதான் தோன்றுகிறது. அவர் கொடுக்கவில்லை. தானே போடுவது என்று முடிவெடுத்தார்.

காசு எங்கிருந்து வந்தது?

இந்தியர்கள் தடையில்லாமல் அச்சகம் நடத்தலாம் என்ற நிலை 1835ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வந்துவிட்டது. எனவே அச்சகங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் உங்கள் புத்தகத்துக்கு முதலீடு போட்டு, எடிட்டர் வைத்து, விற்றும் தரும் பதிப்பகம் என்ற அமைப்பு பழைய இலக்கியத்துக்குக் கிடையாது. காகிதம் உங்களுடையது, கூலி உங்களுடையது, நஷ்டமும் உங்களுடையது.

அதற்கு அன்றைக்கு இருந்த வழி, கையொப்பம். புத்தகம் வருவதற்கு முன்பே ஆர்வமுள்ளவர்களிடம் இத்தனை பிரதி வாங்குகிறேன் என்று கையெழுத்து வாங்கிவைப்பது. இன்றைய முன்பதிவும் கிரவுட் ஃபண்டிங்கும் சேர்ந்த மாதிரி. முன்சீப், வக்கீல், மடாதிபதி, கல்லூரி ஆசிரியர் என்று ஆள் ஆளாகப் பார்க்க வேண்டும். கையெழுத்து வாங்குவதைவிடப் பணத்தைக் கைக்குக் கொண்டுவருவது பெரிய வேலை என்பது, இன்று முன்வெளியீட்டுத் திட்டம் அறிவித்த எந்த எழுத்தாளரைக் கேட்டாலும் தெரியும்.

சென்னையில் திராவிட ரத்நாகர அச்சுக்கூடத்தில் வேலை நடந்தது. கல்லூரி விடுமுறை விட்டால் போதும், சென்னைக்குக் கிளம்பிவிடுவார். அப்போது ஈய எழுத்துகளைக் கையால் ஒவ்வொன்றாகக் கோத்துதான் பக்கம் கட்டுவார்கள். ஒரு பாரம் அச்சாகி முடிந்ததும் எழுத்துகளைக் கலைத்து அடுத்த பாரத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். புரூஃப் தாமதமானால் அச்சகமே காத்து நிற்கும். அவசரப்பட்டுத் திருத்தினால் பிழை நிரந்தரமாகிவிடும். அப்டேட் போடும் வசதி கிடையாது. இந்த நெருக்கடியில் உட்கார்ந்து 3,145 பாட்டும் நச்சினார்க்கினியர் உரையும் கொண்ட புத்தகத்தை முடித்து, 1887 அக்டோபரில் வெளியிட்டார்.

தெரியாததைத் தெரியாது என்று அச்சிட்டவர்

அவருடைய பதிப்புகளைத் தனித்துக் காட்டுவது உழைப்பு மட்டுமல்ல, நேர்மை. பிரதிக்குப் பிரதி வேறுபட்ட பாடங்களை அடிக்குறிப்பில் காட்டினார். ஓலை கொடுத்தவர்களின் பெயரைப் பட்டியல் போட்டார். நூலாசிரியர் வரலாறு, உரையாசிரியர் வரலாறு, கதைச் சுருக்கம், அருஞ்சொல் அகராதி எல்லாம் சேர்த்தார். ஓலை வாடையே அறியாத ஒரு வாசகர் உள்ளே நுழைய இதெல்லாம் வேண்டும் என்று அவர் புரிந்துவைத்திருந்தார்.

இன்னொன்று. 1894இல் வந்த புறநானூறு பெயருக்கு 400 பாட்டு. ஆனால் 267, 268ஆம் பாட்டுகள் எந்தப் பிரதியிலும் கிடைக்கவில்லை. பின்பகுதியில் பல பாட்டுகள் சிதைந்து கிடந்தன. பாட்டுக் கட்டும் புலமை இருந்தவர், தானே நாலு வரி எழுதி இட்டு நிரப்பியிருக்கலாம். கண்டுபிடிக்க அன்றைக்கு ஆள் இல்லை. இடைவெளியை அப்படியே விட்டார். பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் இல்லை; எட்டுப் பத்தை மட்டும் போட்டார். பரிபாடல் 70இல் 22தான் கிடைத்தது, அதையும் அப்படியே.

மணிமேகலை இன்னும் மோசம், முழுக்க பௌத்தம். சமணருக்குக் கும்பகோணத்தில் தெரு இருந்தது, பௌத்தருக்கு யார்? கல்லூரியில் உடன் வேலைபார்த்த மளூர் ரங்காசாரியார் ஆங்கிலப் புத்தகங்களைப் படித்து விளக்க, இவர் குறிப்பெடுத்துக்கொண்டார். புத்தகம் 1898இல்தான் வந்தது. புரியாமல் அச்சிடக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காகக் காத்திருந்த வருடங்கள் அவை.

எல்லோரும் கைதட்டினார்கள் என்றும் இல்லை. பதிப்புகளில் பிழை இருக்கிறது என்று கண்டனத் துண்டுப் பிரசுரங்கள் வந்தன. சில பொறாமையில் எழுதப்பட்டவை. அவர் பதிலுக்குப் பிரசுரம் அடித்துக்கொண்டிருக்கவில்லை. ஆனால் பிழையே இல்லை என்று சாதிக்கவும் இல்லை. புதிதாக ஓலை கிடைக்கக் கிடைக்கத் தன் புத்தகத்தையே திருத்திக்கொண்டிருந்தார். சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு திருத்தங்களோடு 1907இல் வந்தது. முதல் பதிப்புக்கும் அதற்கும் நடுவே 20 வருடம்.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் தேவை. அவர் தனியாளாக எல்லாம் செய்தார் என்பது பாதி உண்மைதான். மடங்களின் ஆதரவு, உடன் இருந்து ஓலை படித்தவர்கள், புரூஃப் பார்க்க உதவியவர்கள், நிரந்தரச் சம்பளம் தரும் அரசு வேலை எல்லாம் இருந்தன. இப்போது தன் சேமிப்பைப் போட்டுத் தனியாகப் புத்தகம் போடும் ஒருவருக்கு இதில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். அவரிடம் பரிபாடல் பதிப்பின் தரம் எங்கே என்று கேட்பது அநியாயம். சந்தேகமுள்ள வரியை இன்னொருவரிடம் கேட்டீர்களா என்று கேட்கலாம், அதற்குக் காசு ஆகாது.

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். 1906இல் மகாமகோபாத்தியாய பட்டம், 1932இல் சென்னைப் பல்கலைக்கழக டாக்டர் பட்டம். குறுந்தொகை வெளிவந்தபோது, 1937இல், வயது 82.

வேடிக்கை என்னவென்றால், இன்று பலரும் அவரை அறிவது வாராவாரம் கெடு வைத்து அச்சிடும் ஒரு வணிகப் பத்திரிகையால்தான். 1940இல் ஆனந்த விகடன் அவருடைய வாழ்க்கைக் கதையைத் தொடராகப் போட ஆரம்பித்தது. ‘என் சரித்திரம்’ இரண்டு வருடத்துக்கும் மேல் ஓடியது. போர்ப் பயத்தில் சென்னை காலியாகிக்கொண்டிருந்த நேரம். திருவல்லிக்கேணி வீட்டை விட்டுத் திருக்கழுக்குன்றம் போனவர், 1942 ஏப்ரல் 28இல் அங்கேயே காலமானார். தொடர் பாதியில் நின்றது. 1890களின் கடைசியை ஒட்டி நிற்கும் அந்தக் கதை, 1950இல் புத்தகமாக வந்தபோதும் அந்த இடத்திலேயே முடிந்தது. மீதியை யாரும் எழுதிச் சேர்க்கவில்லை.