மறதியை அளந்தவர்

ஹெர்மன் எபிங்ஹாஸ் 1850ஆம் ஆண்டு ஜெர்மனியின் பார்மன் நகரில் பிறந்தார். கற்றது எவ்வளவு விரைவில் மறக்கிறது என்பதை அளந்தறிய விரும்பிய இவர், 1879இல் தம்மையே ஆய்வுக்கு உட்படுத்திக்கொண்டார்.

பொருளுள்ள சொல் எளிதில் மனத்தில் பதிந்துவிடும். ஆகவே மெய், உயிர், மெய் என்னும் அமைப்பில் பொருளற்ற அசைகள் ஏறத்தாழ 2300 உருவாக்கினார். அவற்றைக் கலந்தெடுத்து வரிசையாக்கி, கடிகார ஒலிக்கேற்ப ஓதி மனப்பாடம் செய்தார். சலிப்பூட்டும் பணிதான், உதவிக்கு எவருமிலர்.

ஒரு மணி நேரம் கழித்து அதே வரிசையை மீண்டும் கற்றபோது, முதல் உழைப்பில் பாதிக்கும் குறைவே மிச்சமாயிற்று. ஒரு நாள் கழித்து மூன்றில் ஒரு பங்கே மிச்சம். ஆயினும் ஒரு திங்களுக்குப் பின்னரும் ஐந்தில் ஒரு பங்கு எஞ்சியது. அறவே மறந்ததாகத் தோன்றியதும் முற்றிலும் அழியவில்லை!

பன்னிரண்டு அசை வரிசையை ஒரே நாளில் 68 முறை ஓதிப் பெற்ற பயனை, மூன்று நாள்களுக்குப் பகிர்ந்து 38 முறை ஓதியே பெற்றார். ஆங்கிலக் கவிஞர் பைரனின் கவிதையைக் கற்கவோ, அதே அளவு வெற்று அசைகளுக்குரிய முயற்சியில் பத்தில் ஒரு பங்கே தேவைப்பட்டது. சொல்லட்டைகளைக் கொண்டு பயில்வோர் ஒரே சொல்லைப் பலமுறை மறப்பதுண்டு. அச்சொல் அவர்களுக்கு இன்னும் வெற்று அசையாகவே நிற்கிறது எனலாம். அதனை ஒரு தொடரில் அமைத்துப் பொருளோடு பயின்றால் பதியும்.

1883இல் ஆய்வை மீண்டும் செய்து சரிபார்த்த எபிங்ஹாஸ், 1885இல்தான் நூலாக வெளியிட்டார். 1909இல் ஹாலே நகரில் காலமானார்.