கற்களுக்குள் காடுகளைக் கண்ட பீர்பால் சாஹ்னி

லக்னோ நகரில் இயங்கிவரும் தொல்தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் அடிக்கல் மற்ற அடிக்கற்களைப் போன்றதன்று. பல நாடுகளிலிருந்து திரட்டப்பட்ட புதைபடிவங்கள் அதில் பதிக்கப்பட்டுள்ளன. அதனை உருவாக்கியவர் தாவரவியல் அறிஞர் பீர்பால் சாஹ்னி.

இன்றைய பாகிஸ்தானில் உள்ள பேரா என்ற ஊரில் 1891ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி அவர் பிறந்தார். லாகூரில் வேதியியல் பேராசிரியராக இருந்த தந்தை ருச்சி ராம் சாஹ்னி, பிள்ளைகளை இமயமலைக்கு நடைப்பயணம் அழைத்துச் செல்வது வழக்கம். செடிகளையும் கற்களையும் சேகரிக்கும் ஆர்வம் அப்பயணங்களில்தான் வேரூன்றியது.

கேம்பிரிட்ஜில் பேராசிரியர் சீவார்டிடம் பயின்று, 1919இல் தாயகம் திரும்பிய சாஹ்னி, 1921இல் லக்னோ பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியரானார். அவருடைய களப்பயணங்களில் மனைவி சாவித்திரியும் உடன் சென்றார்.

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தின் ராஜ்மகால் மலைகள் அவருக்குப் பெரும் களஞ்சியமாக அமைந்தன. டைனோசர்கள் வாழ்ந்த காலத்துத் தாவரங்கள் அங்கே கல்லாகிக் கிடந்தன. தண்டு, இலை, விதைக்கூம்பு ஆகியவை தனித்தனியாகவே கிடைத்தன. அவற்றை மெல்லிய சீவல்களாக அறுத்து, நுண்ணோக்கியில் ஒப்பிட்டு, அவை ஒரே தாவரத்தின் உறுப்புகள் என சாஹ்னி முடிவு செய்தார். அதுவரை அறியப்படாத அந்தத் தாவரக் குழுவை 1948இல் 'பென்டாக்சிலியே' என்ற பெயரில் உலகுக்கு அறிவித்தார். முன்னதாக, 1936இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார்.

மண்ணில் கிடந்த வேறு தடயங்களும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. ரோத்தக் அருகே கோக்ரா கோட் மேட்டில் பழங்கால நாணயம் வார்க்கும் களிமண் அச்சுகளை 1936இல் கண்டெடுத்தார். பண்டைய இந்திய நாணய வார்ப்பு முறை குறித்த அவரது நூல் 1945இல் வெளியானது.

ஒரு மனிதரின் சேகரிப்பு அவரோடு முடிந்துவிடக் கூடாது என்று எண்ணிய சாஹ்னி, தம் புதைபடிவங்களையும் நூல்களையும் ஆய்வு நிறுவனத்திற்கே அளித்தார். 1949ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி பிரதமர் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். ஒரே வாரத்தில், ஏப்ரல் 10ஆம் தேதி, மாரடைப்பால் சாஹ்னி காலமானார். அப்போது அவருக்கு வயது 57. அடிக்கல் நாட்டப்பட்ட அந்த வளாகத்திலேயே அவரது உடல் தகனம் செய்யப்பட்டது.

நிறுவனத்தைக் கட்டியெழுப்பும் பொறுப்பைச் சாவித்திரி ஏற்றார். 1953இல் புதிய கட்டடத்தை நேருவே திறந்து வைத்தார். சாஹ்னியின் பெயரைத் தாங்கிய அந்நிறுவனத்தில், அவர் திரட்டிய கற்கள் புதிய தலைமுறை ஆய்வாளர்களின் கைகளைச் சென்றடைந்தன.