தனிநாயகம் அடிகளார் கற்ற மொழிகள்

நெடுந்தீவுத் தந்தைக்கும் கரம்பொன் அன்னைக்கும் 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் பிறந்தவர் சேவியர் தனிநாயகம் அடிகளார். சமயத்தால் கத்தோலிக்கத் துறவி. மொழியால் நம் எல்லோர்க்கும் உரியவர்.

ஊர்காவற்றுறையிலும் யாழ்ப்பாணத்திலும் ஆங்கிலக் கல்வி பெற்ற அவர், உரோமாபுரியில் 1934 தொடக்கம் 1939 வரை பயின்றார். இலத்தீனும் இத்தாலியமும் வசமாயின. ஆயினும் தமிழிலக்கியம் அவருக்குத் தொலைவிலேயே நின்றது.

அக்குறையை அவர் மறைத்தாரல்லர். வடக்கன்குளத்தில் ஆசிரியராய் இருந்தபோதே பண்டிதர் ஒருவரிடம் மாணவராய் அமர்ந்தார். முப்பது வயது கடந்தபின் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் புகுந்து தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

பிறமொழி கற்றால் தாய்மொழி தேயும் என்று அஞ்சுவார் உளர். அடிகளார் வாழ்வு அவ்வச்சத்தைப் பொய்யாக்கியது. 1952இல் ஆங்கிலத்தில் 'தமிழ்ப் பண்பாடு' இதழைத் தொடங்கி, தமிழின் பெருமையைப் பிறநாட்டு அறிஞர் முன் வைத்தார். 1679இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்த்துக்கேய அகராதியை 1966இல் மீண்டும் பதிப்பித்தார். அவ்வாண்டே கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் மாநாடு கூடியது. அதற்கு முன்னின்று உழைத்தவரும் அவரே. 1980 செப்டம்பர் 1ஆம் நாள் இவ்வுலகு நீத்தார்.

இளைஞர்காள்! சிங்களமாயினும் ஆங்கிலமாயினும், தெரியாததை ஒப்புக்கொண்டு ஆசான்முன் அமருங்கள். பிழைக்கு நாணாது நாள்தோறும் பேசிப் பழகுங்கள். வயது கடந்தது என்று பெரியோரும் தயங்க வேண்டா. துறைவிட்டுப் போகும் வள்ளம் பொருளோடு திரும்பினாலன்றோ தீவுக்குப் பயன்? கற்ற மொழியும் அவ்வாறே நம் தமிழுக்கு ஏதேனும் கொணர்தல் வேண்டும்.