புதிர் போட்ட வாத்தியார்

1939-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். லண்டன் 'அப்சர்வர்' ஞாயிறு பத்திரிகையின் வாசகர்களுக்குத் துயரச் செய்தி ஒன்று கிடைத்தது. டார்க்குமாடா காலமாகிவிட்டார்!

1926 முதல் அந்தப் பத்திரிகையில் குறுக்கெழுத்துப் புதிர் போட்டு வந்தவர் அவர். இயற்பெயர் எட்வர்ட் போவிஸ் மேதர்ஸ். டார்க்குமாடா என்பது புனைபெயர். பழைய ஸ்பெயின் நாட்டில் மத விரோதிகளைக் கொடுமையாக விசாரித்த நீதிமன்றத் தலைவரின் பெயர் அது. வாசகர்களை வாட்டி எடுப்பவருக்குப் பொருத்தமான பெயர்தான்! பெரிய மேதை. ஆனால் அவருடைய புதிரில் விடை கிடைத்த பிறகும், அதுதான் விடையா என்ற சந்தேகம் சில சமயம் தீராது.

அவருடைய இடத்துக்கு வந்தவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். பெயர் டெரிக் சாமர்செட் மக்னட். 1902-ல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கிரேக்கமும் லத்தீனும் படித்தவர். 1928-ல் 'கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல்' என்ற பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். பெயரில் ஆஸ்பத்திரி இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். 1552-ல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி அது. நீல நிற நீண்ட அங்கியும் மஞ்சள் காலுறையும் அங்கே மாணவர் உடை. 35 ஆண்டுகள் அங்கேயே பாடம் சொன்னார்.

1943-ல் மக்னட்டும் ஒரு புனைபெயர் சூட்டிக்கொண்டார். ஸிமினீஸ்! அதுவும் அதே ஸ்பெயின் நீதிமன்றத்தின் இன்னொரு தலைவர் பெயர்தான். ஆனால் இந்த ஸிமினீஸ் வாசகர்களுக்கு அல்ல, தமக்கே விலங்கு பூட்டிக்கொண்டார்.

அது என்ன விலங்கு? தமிழில் ஒரு உதாரணம் பார்க்கலாம்.

அரசனை அடுத்து ஊர். கோயிலில் உயர்ந்து நிற்பது. நான்கு எழுத்து.

அரசன் என்றால் கோ. ஊர் என்றால் புரம். சேர்த்துப் படித்தால் கோபுரம். கோயிலில் உயர்ந்து நிற்பதும் அதுதானே!

உயர்ந்து நிற்பது என்று மட்டும் சொல்லிவிட்டால் தென்னையும் நிற்கும், மலையும் நிற்கும். வாசகர் எதைக் கண்டார்? ஆகவே குறிப்பில் விடையின் பொருள் சரியாக இருக்க வேண்டும். விடைக்குப் போக இன்னொரு வழியும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர வேண்டும். அழகுக்காக அரசனை அடுத்து ஊரும் ஆறும் என்று எழுதினால்? ஆறுக்கு அங்கே வேலை இல்லை; அது வாசகரை ஏமாற்றுவது. ஸிமினீஸ் இதைக் குற்றம் என்றே சொன்னார். சொற்களில் வேஷம் போடலாம், பொய் சொல்லக் கூடாது. இதுதான் அவருடைய சட்டம். அஃப்ரிட் என்ற இன்னொரு புதிர் ஆசிரியரும் இதையே வற்புறுத்தியிருந்தார். ஸிமினீஸ் இதை விரிவாக்கி 1966-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

சட்டம் போட்டதோடு அவர் நிற்கவில்லை. எழுதுகோலை வாசகர் கையிலேயே கொடுத்துவிட்டார்! சில புதிர்களில் ஒரு சொல்லுக்குக் குறிப்பு இருக்காது. அதை வாசகரே எழுதி அனுப்ப வேண்டும். வந்து குவியும் குறிப்புகளை ஸிமினீஸ் ஒவ்வொன்றாகப் படிப்பார். நல்லவற்றைப் பொறுக்குவார். பிறகு ஒரு தாளில் வெற்றி பெற்றவர்களின் பெயர்களையும், எந்தக் குறிப்பு ஏன் சரியில்லை என்பதையும் அச்சிட்டு அனுப்புவார். வகுப்பில் கட்டுரை நோட்டுத் திருத்தும் வாத்தியார் வேலைதான், வேறென்ன?

அந்தத் தாளுக்காக வாசகர்கள் காத்துக் கிடந்தார்கள். பள்ளி ஆசிரியரும் வங்கி அதிகாரியும் அதில் போட்டி போட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் பெயர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். 1968-ல் ஸிமினீஸின் 1,000-வது புதிருக்காக லண்டனில் விருந்து நடந்தது. பல ஆண்டுகளாகத் தாளில் மட்டுமே சந்தித்த நூற்றுக்கணக்கானோர் அன்று நேரிலே கை குலுக்கிக்கொண்டார்கள்.

மக்னட் 1971-ல் மறைந்தார். வயது 69. 1972-ல் அந்த இடத்துக்கு ஜோனதன் கிரவுதர் வந்தார். டெசா என்ற இன்னொரு ஸ்பெயின் விசாரணைத் தலைவரின் பெயரை ஆங்கில எழுத்தில் தலைகீழாக்கி அசெட் என்று வைத்துக்கொண்டார். குறிப்பு எழுதும் போட்டியையும் அவர் விடவில்லை.

அந்தப் போட்டிக்காரர்களில் காலின் டெக்ஸ்டர் என்பவரும் ஒருவர். அடிக்கடி பரிசு பெற்ற இரு போட்டியாளர்களின் பெயர்கள் அவர் மனத்தில் பதிந்திருந்தன. ஒருவர் வங்கித் துறையில் புகழ் பெற்ற ஜெர்மி மோர்ஸ். இன்னொருவர் திருமதி லூயிஸ் என்ற புனைபெயரில் எழுதியவர். 1975-ல் டெக்ஸ்டர் ஒரு துப்பறியும் நாவல் வெளியிட்டார். அதிலே இன்ஸ்பெக்டர் பெயர் மோர்ஸ், சார்ஜண்ட் பெயர் லூயிஸ். இன்ஸ்பெக்டருக்குக் குறுக்கெழுத்துப் பைத்தியம் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?