கதவைத் தட்டிய மூவர் - டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்வு



சேலம், நாமக்கல் பகுதியில் ஒருவருக்கு நோய் முற்றி, உள்ளூர் மருத்துவர்கள் கைவிரித்துவிட்டால், வேலூருக்குக் கொண்டு போகலாம் என்பதுதான் வீட்டில் எழும் அடுத்த பேச்சு. சேலம் சந்திப்பில் ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, பழைய சீட்டுகளையும் எக்ஸ்ரே படங்களையும் துணிப்பையில் சுமந்து போகிறவர்களை நாம் அறிவோம். அவர்களில் எல்லா மதத்தவரும் உண்டு. அந்த மருத்துவமனைக்கு விதை போட்ட டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். கத்தோலிக்கர் அல்லாத, வேறொரு திருச்சபையைச் சேர்ந்த இந்தச் சகோதரியின் வாழ்வு, நோயுற்றோரைக் குறித்து நமக்கு மிக முக்கியமான சில பாடங்களைக் கற்றுத்தருகிறது.

ஓர் இரவு, மூன்று மரணங்கள்

ஐடா 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய தாத்தா ஜான் ஸ்கடர், அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்குப் புறப்பட்ட முதல் மருத்துவ மறைப்பணியாளர்களில் ஒருவர். தந்தையும் மருத்துவரே. ஆனால் ஐடாவுக்கு இந்தப் பணியில் நாட்டமே இல்லை. சிறுமியாக இருந்தபோது பஞ்சத்தில் மக்கள் மடிவதைக் கண்டவர் அவர். அமெரிக்காவில் படிக்கச் சென்றபின், அங்கேயே நல்ல வாழ்க்கை அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அவர் ஆசையாக இருந்தது. 1890இல் தாயின் உடல்நலம் குன்றியதால், சில காலம் உடனிருக்கும் எண்ணத்தோடுதான் திண்டிவனம் வந்தார்.

அங்கே ஓர் இரவு கதவு தட்டப்பட்டது. பிராமணக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் வாசலில் நின்றார். பேறுகாலத்தில் துடிக்கும் தம் இளம் மனைவியைக் காப்பாற்ற ஐடா வரவேண்டும் என்று கெஞ்சினார். தமக்கு மருத்துவம் தெரியாது, தந்தையை அழைத்து வருகிறேன் என்றார் ஐடா. பிற ஆண் ஒருவர் தம் மனைவியைப் பார்ப்பதை அந்த இளைஞரின் வழக்கம் ஏற்கவில்லை. அவர் திரும்பிப் போனார். சற்று நேரத்தில் ஓர் இஸ்லாமியர் வந்தார். பின்னர் இன்னொரு இந்துவும் வந்தார். மூவருக்கும் ஒரே துயரம், மூவரும் சொன்னதும் ஒரே மறுப்பு. பொழுது விடிந்தபோது சாவு மேளம் கேட்டது. விசாரித்தபோது, அந்த மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள் என்று தெரிந்தது.

அன்பர்களே, இந்த நிகழ்ச்சியைப் பலமுறை கேட்டிருப்போம். ஆனால் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிடுகிறோம். அந்த ஊரில் மருத்துவர் இருந்தார். அதே வீட்டில், அடுத்த அறையில் இருந்தார். ஆனாலும் அந்தப் பெண்களுக்கு மருத்துவம் கிடைக்கவில்லை. ஊரில் மருத்துவர் இருப்பது வேறு, அவர் நோயாளிக்கு எட்டுவது வேறு. அன்று நடுவில் நின்ற சுவர் சமூக வழக்கம். இன்று அது பெரும்பாலும் பணம்.

நல்ல மனம் மட்டும் போதாது

அந்த இரவு ஐடாவின் வாழ்வைத் திருப்பியது. பரிவோடு கண்ணீர் வடித்துவிட்டு அவர் நின்றுவிடவில்லை. முறையாகக் கற்கப் புறப்பட்டார். பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்பு கார்னெல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரிக்கு மாறி, 1899இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் பெண்களில் அவரும் ஒருவர். ஏழைகளுக்குத்தானே, அரைகுறை மருத்துவம் போதும் என்று அவர் எண்ணவில்லை.

தாயகம் விட்டுப் புறப்படுமுன், ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர் தம் மறைந்த மனைவியின் நினைவாக மருத்துவமனை கட்ட 10,000 டாலர் கொடுத்தார். 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா இந்தியா திரும்பினார். தந்தையிடம் அனுபவம் பெறலாம் என்ற எண்ணம் நிறைவேறவில்லை. அதே ஆண்டில் தந்தை இறந்துபோனார். வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு, தங்கியிருந்த வீட்டிலேயே பணியைத் தொடங்கினார். தொடக்கத்தில் மக்கள் வரத் தயங்கினார்கள். சமையல்காரரின் மனைவி சலோமிதான் அவருக்கு முதல் உதவியாளர். பிறகு கூட்டம் பெருகியது. 1902இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

நோயாளியைத் தேடிச் சென்ற மருத்துவம்

மருத்துவமனை வந்துவிட்டது. ஆனால் கிராமத்து ஏழை எப்படி வருவான்? ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, நடந்தோ வண்டி பிடித்தோ வந்து சேர்வதற்குள் நோய் முற்றிவிடும். ஆகவே ஐடா அம்மையாரே புறப்பட்டார். முதலில் மாட்டுவண்டி. 1909இல் ஒரு சிறிய பியூஜோ கார் வந்தது. அந்தக் காலத்துக் கிராமத்தார் அதைப் பேய் என்று நினைத்து ஓடினார்கள் என்று சொல்வார்கள். குடியாத்தம் செல்லும் சாலையில், வழக்கமான நாளில், வழக்கமான மரத்தடிகளில் வண்டி நிற்கும். புண்களைக் கழுவிக் கட்டுவார்கள், கண்களுக்கு மருந்திடுவார்கள். யாரும் அருகில் சேர்க்காத தொழுநோயாளிகளும் அங்கே வந்தார்கள். இந்தச் சாலையோர மருத்துவம் ஒரு பெரிய உண்மையை உணர்த்தியது. நோயைத் தொடக்கத்திலேயே கவனித்தால் செலவும் குறைவு, வேதனையும் குறைவு.

ஒருவர் போதாது, பலர் வேண்டும்

தாம் ஒருவர் இரவும் பகலும் உழைத்தாலும் போதாது என்பதை ஐடா அறிந்திருந்தார். எனவே 1909இல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். அடுத்து, பெண்களுக்கு ஒரு மருத்துவப் பள்ளி வேண்டும் என்று அரசை அணுகினார். மூன்று பேராவது விண்ணப்பித்தால் பெரிது என்று அதிகாரிகள் ஐயப்பட்டனர். 1918இல் பள்ளி தொடங்கியது. முதல் ஆண்டுத் தேர்வில், மாகாணத்தின் ஆண் மாணவர்களில் ஐந்தில் ஒருவரே தேறினார். வேலூரிலிருந்து தேர்வு எழுதிய 14 பெண்களும் தேறினார்கள்.

பின்பு பெரும் சோதனை வந்தது. சென்னை அரசு பழைய மருத்துவப் பட்டயப் படிப்பை நிறுத்த முடிவு செய்தது. பல்கலைக்கழகத் தரத்துக்கு உயராவிட்டால் பள்ளியை மூடவேண்டியதுதான். கூடுதல் ஆசிரியர், கூடுதல் படுக்கை, ஆய்வகம் எல்லாவற்றுக்கும் பணம் தேவைப்பட்டது. 1941இல், எழுபது வயதில், உலகப்போரின் நடுவே ஐடா அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. பல சபைகளின் கூட்டு முயற்சியாக அது நிலைபெற வேண்டும் என்பதற்காக, ஆண்களையும் சேர்க்க வேண்டிய நிலை வந்தது. பெண்கள் கல்விக்காகவே நெடுங்காலம் உதவிய நண்பர்கள் சிலர் எதிர்த்தனர். அந்த வேதனையையும் அவர் தாங்கினார். 1947இல் ஆண் மாணவர்கள் சேர்ந்தனர்.

1946இல் அவர் ஓய்வு பெற்றார். பொறுப்பு டாக்டர் ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண்மணியின் கைகளுக்கு வந்தது. அதே ஆண்டில் வேலூருக்கு வந்து சேர்ந்த டாக்டர் பால் பிராண்ட், 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர் என்பது நமக்குப் பெருமை. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை மருத்துவத்தால் மீண்டும் இயங்கச் செய்தவர் அவர். ஐடா அம்மையார் 1960 மே 24 அன்று கொடைக்கானலில் இறைவனடி சேர்ந்தார். 2000ஆம் ஆண்டில் அவரது மருத்துவமனையின் நூற்றாண்டை முன்னிட்டு இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.

நல்ல சமாரியர் காட்டும் வழி

லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன நல்ல சமாரியர் உவமையை நினைத்துப் பாருங்கள். அவர் அடிபட்டவரின் அருகில் போகிறார். காயத்துக்கு ஏற்ற மருந்திட்டு முறையாகக் கட்டுகிறார். பின்னர் சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, மேலும் செலவானால் அதையும் தாமே தருவதாகப் பொறுப்பேற்கிறார். தேடிச் செல்வது, தரமாகக் கவனிப்பது, செலவைச் சுமப்பது ஆகிய மூன்றும் அங்கே உண்டு. நாம் முதல் இரண்டைப் பற்றி மறையுரையில் அடிக்கடி பேசுகிறோம். மூன்றாவதை எளிதில் மறந்துவிடுகிறோம்.

நம் பகுதியில் நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது என்பதை நன்றியோடு சொல்லவேண்டும். சேலத்தில் பெரிய அரசு மருத்துவமனை இருக்கிறது. 2022இல் நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், எத்தனையோ ஏழைகள் பெரிய அறுவை சிகிச்சைகளைப் பெற்றிருக்கிறார்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம், ஐடா அம்மையார் மரத்தடியில் செய்ததை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது.

ஆனாலும் காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் சுமக்காது. பெரும்பாலும் அது படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான். மாதந்தோறும் வாங்கும் மாத்திரை, துணைக்கு நிற்பவரின் சாப்பாடு, இழந்துபோன கூலி இவையெல்லாம் குடும்பத்தின் தலையில்தான் விழுகின்றன. தறிக்குழியில் அமர்ந்து நெய்பவரும், லாரி ஓட்டுபவரும், கோழிப்பண்ணையில் வேலை செய்பவரும் நெஞ்சுவலி என்றால் முதலில் நினைப்பது கந்துவட்டியைத்தான். அதற்குப் பயந்து நோயை மறைக்கிறார்கள். மறைத்த நோய் முற்றுகிறது. செலவு பத்து மடங்காகிறது.

அன்புக்குரியவர்களே, ஐடா அம்மையார் கதவைத் தட்டியவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுடைய அறியாமை, அவர்களுடைய வழக்கம் என்று ஒதுங்கவும் இல்லை. அவர்களுக்கு எட்டும் விதத்தில் மருத்துவத்தை மாற்றி அமைத்தார். அதுவே அவருடைய புனிதம்.

சிந்தனைக்கு...

திருச்சபை நடத்தும் மருத்துவமனைகளின் வாசலில் ஓர் ஏழை தயங்காமல் நுழைய முடிகிறதா?

நம் அன்பியத்தில் நோயுற்ற குடும்பத்துக்கென ஒரு சிறு நிதி உண்டா? திருவிழா விளக்கு அலங்காரத்துக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்கலாமே.

காப்பீட்டு அட்டை இல்லாத முதியவருக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுத்து, உடன் போய்வர நம் இளைஞர்கள் முன்வருவார்களா?

ஆண்டுதோறும் பிப்ரவரி 11 அன்று உலக நோயாளர் தினத்தில் நாம் அவர்களுக்காகச் செபிக்கிறோம். அந்தச் செபம் நம் கால்களுக்கும் நம் பைகளுக்கும் வந்து சேரட்டும். இன்றிரவும் யாரோ ஒருவர் கதவைத் தட்டலாம். அந்தக் குரலைக் கேட்கும் வரத்தை நோயாளர்களைத் தேடிச் சென்ற நம் ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.